பேணித் தகரத்தில் ஒரு பந்தயக் கார்

இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியிருந்த ஒரு கொட்டிலின் தாழ்வாரத்தில், சிறுவர்களோடு குந்தியிருந்து பழைய மீன் பேணிகளை வெட்டிக்கொண்டிருந்தோம். ஒரு தாய் வந்து சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "பாதர், உழுகிறதுக்கு எங்களுக்கு ஒரு துண்டுக் காணி இல்லை. நீங்கள் பிள்ளையளுக்கு றேஸ் கார் செய்யப் படிப்பிக்கிறீங்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. எனக்கு உடனே பதில் வரவில்லை. அவருடைய மகன் ஒரு கையால் தகரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வெட்டத் திணறினான். அதைக் கண்டதும் அவரே பக்கத்தில் இருந்து மறு முனையைப் பிடித்துக்கொடுத்தார். அடுத்த நாள் வெறும் பால்மாப் பைக்கற்றுகள் இரண்டைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்தார். அவை எதற்குப் பயன்பட்டன என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

அந்தத் தாழ்வாரத்தில் செய்த வேலையை வேறு இடங்களிலும் செய்யக்கூடியவாறு இங்கே எழுதிவைக்கிறேன். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை. தகரம் வெட்டும்போது பெரியவர் ஒருவர் கட்டாயம் கூட இருக்கவேண்டும். மூன்று நான்கு மாலைப்பொழுதுகள் போதும். காசு கொடுத்து வாங்கவேண்டிய பொருள் அநேகமாக ஒன்றுமில்லை.

எந்தக் கார்?

பந்தயக் கார் என்றதும் பிள்ளைகள் மனதில் வருவது, தரையோடு ஒட்டிக்கொண்டு ஓடும் இக்காலத்து வழவழப்பான வண்டிதான். அதன் வளைவுகளைத் தகரத்தில் கொண்டுவருவது பெரிய தட்டாருக்கே கடினம். அப்படியே செய்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாது. மூடிய பெட்டி ஒன்றைச் செய்ததாகவே முடியும். ஆகவே நாங்கள் 1902ஆம் ஆண்டுக்குப் போனோம். அந்த ஆண்டு அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரில் ஹென்றி போர்ட் கட்டிய '999' என்ற காருக்கு உடம்பே இல்லை. மூடி இல்லை, கதவு இல்லை, கூரை இல்லை. ஒரு மரச் சட்டம், நான்கு சில்லு, அவற்றின் நடுவே ஒரு பெரிய எஞ்சின், பின்னால் ஒரே ஒரு ஆசனம். எல்லாம் வெளியே தெரியும். பழைய சாமானில் செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான பந்தயக் கார் எனக்குத் தெரிந்து வேறில்லை.

போர்ட் 1863இல் மிச்சிகன் மாநிலத்தில் டியர்போர்ன் என்ற ஊரின் அருகே ஒரு கமக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பன் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடிக் குடிபெயர்ந்து வந்தவர். மகனுக்குத் தோட்ட வேலை பிடிக்கவில்லை, இயந்திரங்கள் பிடித்தன. பதினாறாவது வயதில் டெட்ரோயிட்டுக்கு நடையைக் கட்டினார். 1902 அளவில் அவருடைய நிலை பெருமைப்படத்தக்கதல்ல. கார் செய்வதற்கென்று அவரோடு தொடங்கப்பட்ட முதற் கம்பனி மூடப்பட்டுவிட்டது. இரண்டாவது கம்பனியிலிருந்து அந்த ஆண்டில் அவர் வெளியேறினார். அப்போதுதான் ரொம் கூப்பர் என்ற சைக்கிள் பந்தய வீரர் பணம் போட, இருவரும் சேர்ந்து இரண்டு பந்தயக் கார்களைக் கட்டினார்கள். சிவப்பு நிறமானதற்கு '999' என்று பெயர் வைத்தார்கள். அது அக்காலத்தில் வேகத்துக்குப் பேர்போன ஒரு புகையிரத எஞ்சினின் இலக்கம். மஞ்சள் நிறமானதற்கு 'ஆரோ', அதாவது அம்பு என்று பெயர்.

போர்ட்டைப் புனிதராக்குவதற்காக இதை எழுதவில்லை. 1920களில் அவருடைய பத்திரிகை யூத மக்களுக்கு எதிராகக் கக்கிய நஞ்சை வரலாறு மறக்கவில்லை. இங்கே எமக்கு வேண்டியது அவருடைய கார் மட்டும்.

காரைக் கட்டியவர்களுக்கே அதை முழு வேகத்தில் ஓட்டப் பயமாக இருந்தது. ஆகவே பார்ணி ஓல்ட்பீல்ட் என்ற இன்னொரு சைக்கிள் வீரரை அழைத்தார்கள். அவர் அதுவரை கார் ஓட்டியதே இல்லை. சில நாட் பயிற்சியோடு, 1902 ஒக்டோபர் 25ஆம் திகதி குறோஸ் பொயின்ற் என்ற இடத்துப் பந்தயத் திடலில், அந்நாளில் பெயர்பெற்றிருந்த அலெக்சாண்டர் விண்டனுக்கு எதிராக ஓடினார். ஐந்து மைல் தூரத்தை 5 நிமிடம் 28 செக்கனில் ஓடி வென்றார். மணிக்கு ஏறத்தாழ 88 கிலோமீற்றர் என்று கணக்கு வரும். இன்று பேருந்தே அந்த வேகத்தில் போகிறது என்று நினைப்பீர்கள். மண் திடலில், பின் அச்சுக்கு வில் இல்லாத வண்டியில், முகத்தில் எண்ணெய் தெறிக்கத் தெறிக்க அந்த வேகத்தில் வளைவுகளைச் சுற்றியதை நினைத்துப் பாருங்கள்.

எஞ்சினைத் தெரிந்துகொள்வோம்

நீரிறைக்கும் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டிய எந்தக் கமக்காரருக்கும் சிலிண்டர், பிஸ்ரன் என்றால் என்னவென்று சொல்லித்தரத் தேவையில்லை. '999'இல் நான்கு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிமிர்ந்து நின்றன. ஒவ்வொன்றின் உள்வாயும் ஏழேகால் அங்குலம். உரித்த தேங்காய் ஒன்று தாராளமாக உள்ளே இறங்கும். பிஸ்ரன் ஏழு அங்குலம் மேலும் கீழும் போய்வரும். நான்கையும் கூட்டினால் 18.9 லீற்றர் கொள்ளளவு. எங்கள் தெருக்களில் ஓடும் ஓட்டோவின் எஞ்சின் ஏறத்தாழ 200 சீசீ. அப்படியானால் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட ஓட்டோக்களின் எஞ்சின்களை ஒன்றாகக் கட்டிய அளவு! இவ்வளவு பெரிய எஞ்சின் கொடுத்த வலுவோ 70 முதல் 100 குதிரைவலு வரைதான் என்பார்கள். இன்றைய சின்னக் கார் ஒன்று ஒன்றேகால் லீற்றர் எஞ்சினில் அந்த வலுவைத் தந்துவிடும். அன்று எஞ்சினை வேகமாகச் சுழற்றும் நுட்பம் வளரவில்லை. ஆகவே வலு வேண்டுமானால் எஞ்சினைப் பெருப்பிப்பதே வழியாக இருந்தது.

பிஸ்ரன்கள் கிராங் தண்டைச் சுழற்றும். அதன் முனையில், கராஜில் பிளைவீல் என்று சொல்லும் பாரமான சில்லு. அதற்குப் பின்னால் கிளச். அங்கிருந்து ஒரு தண்டு நேராகப் பின்னுக்குப் போய், பற்சில்லுகள் வழியாகப் பின் அச்சைச் சுழற்றும். கியர்ப் பெட்டி என்று ஒன்று இல்லவே இல்லை. இந்த வரிசையைப் பிள்ளைகள் வாயால் சொல்லப் பழகிய பிறகே நாங்கள் கத்திரியைத் தொட்டோம்.

பொருள் சேர்க்குமுன்

இந்தப் பகுதியை அவசரப்பட்டுத் தாண்டவேண்டாம்.

2011இல், மக்கள் திரும்பிவந்து குடியேறிக்கொண்டிருந்த ஒரு கிராமத்தில் இதே வேலையைத் தொடங்கியபோது, "பழைய தகரம், கம்பி, வட்டமான சாமான் எது கிடைத்தாலும் கொண்டுவாருங்கள்" என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினேன். அடுத்த நாட் காலை பதினொரு வயதுப் பையன் ஒருவன், பிளைவீலுக்குச் சரியாக இருக்கும் என்று ஒரு பொருளைச் சாரத்தின் மடியில் வைத்துக் கொண்டுவந்தான். பித்தளை போல மங்கலாக மினுங்கியது. ஒரு பக்கம் மண் ஒட்டியிருந்தது. அதை நிலத்தில் மெதுவாக வைக்கச் சொல்லி, எல்லாப் பிள்ளைகளையும் வெளியே நடத்திக் கொண்டுபோன அந்த இரண்டு நிமிடத்தை நான் மறக்கவில்லை. பொலிசுக்கு அறிவித்தோம். மிதிவெடி அகற்றும் பணியாளர்கள் வந்து எடுத்துச் சென்றார்கள். பையனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. தவறு அவனுடையதல்ல, என்னுடையது. 'எது கிடைத்தாலும்' என்ற சொல்லை நான் சொல்லியிருக்கக்கூடாது. நிலத்தில் வைக்கச் சொன்னதுகூடப் பிழை. தொட்டதை அசைக்காமல் அப்படியே விட்டு விலகியிருக்கவேண்டும் என்று அந்தப் பணியாளர்கள் பிறகு சொல்லித்தந்தார்கள்.

போர் 2009இல் முடிந்தது. மண்ணுக்குள் கிடப்பவை அந்த ஆண்டோடு முடியவில்லை. பழைய இரும்பு பொறுக்கப் போய்க் கை, கண் இழந்தவர்களை நீங்களும் அறிவீர்கள். ஆகவே இந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம்: உங்கள் அடுப்படியில், கடையில், கராஜில், தையற்காரரிடத்தில் கழிக்கப்பட்ட பொருள் மட்டுமே. மண்ணிலிருந்து, பற்றையிலிருந்து, பாழ்வீட்டிலிருந்து, குளக்கட்டிலிருந்து எடுத்த எந்த உலோகமும் வேண்டாம். வட்டமாக, வடிவாக, மினுக்கமாக இருந்தால் இன்னும் வேண்டாம். அப்படி ஒன்றைக் கண்டால் தொடாமல், வந்த காலடித் தடத்திலேயே திரும்பிப் போய்ப் பெரியவரிடம் சொல்லவேண்டும். அவர் பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவிக்கவேண்டும்.

கமக்காரர் வீடுகளில் வேறோர் ஆபத்தும் உண்டு. கிருமிநாசினி வந்த பேணியும் போத்தலும் கழுவினாலும் பிள்ளைகள் கைக்கு உதவா. உடைந்த அஸ்பெஸ்ரஸ் கூரைத் தகட்டை வாளால் அறுக்கவும் கூடாது. அதன் தூசு நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. பழைய பற்றறிகளையும் விட்டுவிடுங்கள்.

வேண்டியவை இவ்வளவுதான்: மீன் பேணி இரண்டு, சைக்கிள் கம்பி ஒன்று, அறுந்துபோன இறப்பர்ச் செருப்பு ஒரு சோடி, மை முடிந்த குமிழ்முனைப் பேனா நான்கு, பழ வகைகள் வரும் பெட்டியின் பலகை, சோடா மூடிகள், எரிந்துபோன மோட்டாரிலிருந்து எடுத்த மெல்லிய செப்புக் கம்பி (மோட்டார் சுற்றுபவரிடம் கேட்டால் தருவார்), சைக்கிள் ரியூப் துண்டு, வால்வு ரியூப் ஒரு சாண், பெருவிரற் பருமனான பூவரசம் தடி, பால்மாப் பைக்கற், நெளிவுள்ள கடதாசி மட்டை. கருவிகளாகத் தகரம் வெட்டும் கத்திரி, குறடு, சுத்தியல், சிறு ஆணி, அரம், வாள், அளவுகோல், கவராயம் ஆகியவை.

அளவு

பிள்ளைகள் செய்யும் விளையாட்டு வண்டிக்கும் மாதிரி வண்டிக்கும் உள்ள வித்தியாசம் அளவுதான். மாதிரி வண்டியில் எல்லாமே ஒரே பங்காகச் சுருங்கவேண்டும். சில்லு பத்தில் ஒன்றாகவும் எஞ்சின் இருபதில் ஒன்றாகவும் சுருங்கினால் அது வேறு வண்டி.

எந்தப் பங்கு என்பதைக் கையிலிருக்கும் பொருள் தீர்மானிக்கட்டும். ஒரு செருப்பின் அகலத்துக்குள் வெட்டக்கூடிய பெரிய வட்டம் எது என்று பார்த்தோம்; 75 மில்லிமீற்றர் வந்தது. அக்காலத்துப் பந்தயக் காரின் சில்லு இரண்டேமுக்கால் அடி அளவில் இருக்கும், அதாவது ஏறத்தாழ 830 மில்லிமீற்றர். 830ஐ 75ஆல் வகுத்தால் பதினொன்று. ஆகவே எங்கள் கார் உண்மைக் காரின் பதினொன்றில் ஒன்று. இதற்குப் பிறகு எந்த உறுப்பை எடுத்தாலும் பதினொன்றால் வகுத்தால் போதும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே பத்தடிக்குச் சற்றுக் குறைவு. அது எங்களுக்கு 270 மில்லிமீற்றர். சிலிண்டரின் உள்வாய் 184 மில்லிமீற்றர், அது 17. சிலிண்டரின் சுவரையும் சேர்த்தால் 20, அதாவது பெருவிரற் பருமனான தடி.

வகுத்தல் தெரியாத சின்னப் பிள்ளைகளும் அளவைச் சோதிக்க ஒரு வழி உண்டு. களிமண்ணில் ஓட்டுநர் ஒருவரைச் செய்யச் சொல்லுங்கள். இருந்த நிலையில் உச்சி முதல் ஆசனம் வரை 80 மில்லிமீற்றர். அவரை வண்டியில் இருத்திப் பார்த்தால், எந்த உறுப்பு பெருத்துவிட்டது, எது சிறுத்துவிட்டது என்று கண்ணே சொல்லும்.

சில்லு

வேலையில் பாதி இதுதான். பேணியின் மூடிகளையே சில்லாகப் பூட்டினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். முதல் முறை நாங்களும் அப்படித்தான் செய்தோம். பார்த்தால் கோவில் வாசலில் விற்கும் தள்ளுவண்டி போல இருந்தது. '999'இன் சில்லுகள் சைக்கிளில் உள்ளதைப் போலக் கம்பிகள் பூட்டியவை. அதைச் செய்யாவிட்டால் கார் உயிர் பெறாது.

மீன் பேணியின் இரு முனைகளையும் நீக்கி, உடலை நீளவாக்கில் வெட்டி விரித்துத் தட்டையாக்குங்கள். வெட்டிய விளிம்பை உடனேயே அரத்தால் உரசிவிடவேண்டும். தகரம் கீறினால் சோப்புப் போட்டுக் கழுவி, ஏற்பு ஊசி போட்டுக் காலமாகியிருந்தால் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். தகரத்திலிருந்து 12 மில்லிமீற்றர் அகலமான நாடாக்கள் நான்கு வெட்டுங்கள். நீளம் எவ்வளவு? ரயரின் தடிப்பு 9 மில்லிமீற்றர் என்றால், இரு பக்கமும் 18 போக மிஞ்சும் விட்டம் 57. விட்டத்தை 3.14ஆல் பெருக்கினால் சுற்றளவு 179 வரும்; 180 என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பொருந்த 8 சேர்த்து, 188 மில்லிமீற்றர்.

180ஐத் தெரிவு செய்ததில் ஒரு வசதி உண்டு. பன்னிரண்டு கம்பி வேண்டுமானால் ஒவ்வொரு 15 மில்லிமீற்றருக்கும் ஒரு துளை. நாடாவை வளைக்குமுன், பலகையில் வைத்துச் சிறு ஆணியால் நடுவே துளையிடுங்கள். பிறகு அதை ஒரு தடியில் உருட்டி வட்டமாக்கி, ஏறிய பாகத்தில் இரண்டு துளையிட்டுச் செப்புக் கம்பியால் தைத்துவிடுங்கள்.

வட்டம் உண்மையில் வட்டமாக இருக்கிறதா? பலகையில் கவராயத்தால் 57 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டம் ஒன்று கீறி, கவராயத்தை அதே விரிவில் வைத்து வட்டத்தின்மேல் நடத்திச் செல்லுங்கள். சரியாக ஆறு அடியில் தொடங்கிய இடத்துக்கு வந்துசேரும். ஆறுக்கும் நடுவே ஒவ்வொரு புள்ளி வைத்தால் பன்னிரண்டு. நான் இதைச் சொல்லித்தரவில்லை. செய்யச் சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எந்த வட்டத்துக்கும் ஆறுதானோ?" என்று ஒரு பெண் பிள்ளை கேட்டாள். தட்டு, வாளி, கிணற்றுக் கப்பி என்று கொட்டில் முழுவதும் அளந்துவிட்டு வந்து "ஆறுதான்" என்றாள். அன்றைய மாலை வேறு வேலை நடக்கவில்லை.

புள்ளிகளுக்கு வெளியே ஆணி அடித்து, அந்த வேலிக்குள் தகர வளையத்தை வைத்தால் அது வட்டமாகவே நிற்கும். நடுப்புள்ளியில் ஒரு ஆணி நட்டு, பேனாவின் உட்குழாயில் 15 மில்லிமீற்றர் துண்டு வெட்டி அதிற் செருகுங்கள். இதுதான் குடம். நீளமான செப்புக் கம்பியை முதல் துளையால் உள்ளே விட்டு, குடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அடுத்த துளையால் வெளியே எடுத்து, அதற்கடுத்த துளையால் மீண்டும் உள்ளே விடவேண்டும். ஒரு சுற்றில் பன்னிரண்டு கம்பியும் வந்துவிடும். இரு முனைகளையும் குறடால் முறுக்கி இறுக்குங்கள். ஒரே பக்கமாக இழுத்தால் குடம் நடுவை விட்டு நகரும். சைக்கிள் கடைக்காரர் சில்லை நிமிர்த்துவது போல எதிர் எதிராக இறுக்கவேண்டும்.

செருப்பில் வெளி விட்டம் 75, உள் விட்டம் 55 ஆக வளையம் வெட்டுங்கள். உள் விட்டம் 57 அல்ல. இறப்பர் சற்று இழுபட்டு ஏறினால்தான் பசையில்லாமல் பிடித்துக்கொள்ளும்.

சட்டமும் அச்சும்

320 மில்லிமீற்றர் நீளமான பலகைச் சலாகைகள் இரண்டு, 70 மில்லிமீற்றர் இடைவெளியில், மூன்று குறுக்குத் துண்டுகளால் இணைக்கப்படட்டும். உண்மைக் காரிலும் சட்டம் மரந்தான். அதற்கு இரும்புத் தகடு பொருத்திப் பலப்படுத்தியிருந்தார்கள். வேண்டுமானால் மீதித் தகரத்தில் ஒரு நாடாவைப் பக்கத்தில் அடியுங்கள்.

ஒரு சைக்கிள் கம்பியை நடுவே வெட்டினால் இரண்டு அச்சும் கிடைத்துவிடும். பின் அச்சு, சட்டத்தின் கீழ் கட்டிய பேனாக் குழாய்களுக்குள் தடையின்றிச் சுழலவேண்டும். அதன் சில்லுகளோ அச்சோடு இறுகியிருக்கவேண்டும். இதற்கு ஒரு சின்ன உபாயம்: அச்சின் முனையில் வால்வு ரியூப்பை இழுத்து ஏற்றிவிட்டு, அதன்மேல் சில்லின் குடத்தைத் திருகி ஏற்றுங்கள். பிறகு கையால் சுழற்றினாலும் வழுக்காது. முன் சில்லுகள் அச்சில் தம்பாட்டில் சுழலலாம். கழன்று போகாமல் முனையில் வால்வு ரியூப் துண்டு ஒன்று போதும். முன் அச்சை ஒரு கட்டையில் பொருத்தி, நடுவே ஒற்றை ஆணியில் திரும்ப விடுங்கள். உண்மைக் காரில் அச்சு அசையாது, முனைகளில் சில்லுகள் மட்டுமே திரும்பும். இந்த இடத்தில் நாங்கள் உண்மையை விட்டு விலகியிருக்கிறோம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடவேண்டும்.

திருப்புவதற்கு '999'இல் வட்டமான ஸ்ரேறிங் இல்லை. இரு கையாலும் பிடிக்கும் கைபிடி ஒன்று இருந்தது. புழுதியில் சில்லு தெரியாதபோதும், கைபிடி நிற்கும் நிலையைக் கொண்டு சில்லு நேராக இருக்கிறதா என்று ஓட்டுநர் அறியலாம் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். சைக்கிள் வீரருக்கு அது பழகிய பிடியாகவும் இருந்திருக்கும். தடித்த கம்பியை வளைத்தால் முடிந்தது.

எஞ்சினுக்குப் பூவரசந் தடியில் 30 மில்லிமீற்றர் துண்டுகள் நான்கு. அந்தத் தாய் கொண்டுவந்த பால்மாப் பைக்கற்றுகள் இங்கேதான் வந்தன: உட்பக்கத்து வெள்ளி வெளியே தெரியுமாறு ஒவ்வொன்றையும் சுற்றி ஒட்டி, ஒரு கட்டையின்மேல் வரிசையாக நிறுத்துங்கள். சோடா மூடிகள் மூன்றைத் தட்டையாக்கி ஒன்றாக ஆணியடித்தால் பிளைவீல். எஞ்சினிலிருந்து பின் அச்சுக்கு ஒரு பேனாத் தண்டு. முன்னால், நெளிவுள்ள மட்டையில் வெட்டிய ரேடியேற்றர். ஆசனம் மீதித் தகரத்தில், விளிம்பை மடித்து. சட்டத்துக்குச் சிவப்பு நிறம். எஞ்சினுக்கு நிறம் பூசவேண்டாம்.

மணலில் ஓடவிடுதல்

சைக்கிள் ரியூப்பில் மெல்லிய நாடா ஒன்று வெட்டி, ஒரு முனையை முன் குறுக்குத் துண்டில் கட்டி, மறு முனையைப் பின் அச்சில் சிறு கொளுக்கியில் மாட்டி, அச்சைப் பின்னோக்கிச் சுற்றிவிட்டால் வண்டி தானாகச் சில அடி தூரம் ஓடும். அதுவே பெரிய ஆரவாரம். ஆனால் பாடம் அடுத்ததில்தான் இருக்கிறது.

மெல்லிய மணல் பரப்பி, முன் சில்லைத் திருப்பி வைத்து, வண்டியை வளைவாகத் தள்ளுங்கள். பின் சில்லுகள் பதித்த தடத்தைப் பாருங்கள். ஒன்று தெளிவாக இருக்கும், மற்றது மணலைக் கீறி இழுத்திருக்கும். வளைவில் வெளிச்சில்லு கூடிய தூரம் போகவேண்டும். உட்சில்லு குறைந்த தூரம். இரண்டும் ஒரே அச்சில் இறுகியிருந்தால் ஒன்று இழுபட்டே ஆகவேண்டும். '999'இலும் இதே நிலைதான். இரண்டு சில்லையும் வேறு வேறு வேகத்தில் சுழலவிடும் டிவ்ரன்ஷல் அதில் இல்லை. ஓல்ட்பீல்ட் ஒவ்வொரு வளைவிலும் வண்டியோடு மல்லுக்கட்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஐயா, "லாண்ட்மாஸ்ரரை வயல் மூலையில் திருப்பேக்க ஒரு பக்கத்துக் கிளச்சைப் பிடிக்கிறமே, அதுவும் இதுக்குத்தானே" என்றார். அதேதான். முப்பது வருடமாகக் கையால் செய்துவந்ததற்குக் காரணத்தை அவர் மணலில் கண்டுபிடித்தார். பிள்ளைகளுக்கு அதை விளங்கப்படுத்தும் வேலையையும் அவரிடமே விட்டுவிட்டேன்.

இரண்டாவது வண்டி

பிள்ளைகள் கூடினால் ஒரு வண்டி போதாது, சண்டை வரும். ஆரோவையும் செய்யுங்கள். '999'ஐப் போலவே கட்டப்பட்ட வண்டி அது. ஆகவே அளவுகள் மாறா.

ஆரோவின் கதை துயரமானது. 1903இல் மில்வாக்கி நகரில் நடந்த ஓட்டத்தில் அது விபத்துக்குள்ளாகி, ஓட்டியவர் இறந்தார். உடைந்த வண்டியைப் போர்ட் திரும்ப எடுத்துத் திருத்தினார். 1904 ஜனவரி 12ஆம் திகதி, உறைந்துபோன சென்ற் கிளெயர் ஏரியின் பனிக்கட்டியின்மேல் அதைத் தாமே ஓட்டி, ஒரு மைல் தூரத்தை 39.4 செக்கனில் கடந்தார். மணிக்கு 147 கிலோமீற்றர். அன்றைய உலக சாதனை. சில வாரங்களிலேயே வேறொருவர் அதை முறியடித்துவிட்டார். பனிக்கட்டியில் சில்லு வழுக்காதிருக்க, ஓடுபாதை நெடுக எரிந்த நிலக்கரிக் கட்டிகளைத் தூவி வைத்திருந்தார்கள்.

எங்கள் இரண்டு வண்டிகளையும் பொது மண்டபத்துச் சீமெந்துத் தரையில் ஓடவிட்டபோது, இறப்பர் நாடா இழுத்த வேகத்தில் சில்லு நின்ற இடத்திலேயே சுற்றியது, வண்டி நகரவில்லை. ஏரிக் கதையைக் கேட்டிருந்த பையன் ஒருவன் வெளியே ஓடிப்போய் இரண்டு கை நிறைய மணல் அள்ளிவந்து தரையில் தூவினான். தூவியது கூடிவிட்டது, மணலுக்கடியிலும் வழுக்கியது. கூட்டிவிட்டு மறுபடி கொஞ்சமாகத் தூவினார்கள். மூன்றாம் முறை மஞ்சள் வண்டி சுவர் வரைக்கும் போய் மோதியது. முன் சில்லில் இரண்டு கம்பி அறுந்தது. அன்று இரவே இருந்து பின்னிவிட்டார்கள்.